அம்சவேணி வருமுன் ஓர் அடுப்பங்கரை

12 ஜூன் 1938

மச்சான் செங்கோடன் ஆள் மூலம் சொல்லியனுப்பிவிட்டார். "அடுப்பங்கரை ஒண்ணு முழுசா ஆவட்டும். அப்பறந்தான் எந்தங்கச்சிய மலைக்கு அனுப்புவேன்."

தையில் கல்யாணம் ஆயிற்று. ஆனி பிறக்கப் போகிறது. அம்சவேணி இன்னும் பேளுக்குறிச்சியில் அம்மா வீட்டில். நான் மலைமேல் திருப்புலி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். சாப்பாடு பக்கத்து வீட்டுச் சென்றாயன் வீட்டில். என் வீட்டில் இருப்பது ஒரு செம்பு. அவர் கேட்பதில் தப்பில்லை.

19 ஜூன்

சந்தைக்கு இறங்கினேன். "குடித்தனம்னா இட்டிலிக் கொப்பரை இல்லாமங்களா?" என்றார் பாத்திரக் கடைக்காரர். இல்லாமல் எப்படி என்று எனக்கும் தோன்றிவிட்டது. அதையும் ஒரு பித்தளைக் குண்டாவையும் வாங்கினேன். ஏறும்போது மழை. கொப்பரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். நனையவில்லை.

23 ஜூன்

சென்றாயன் பெண்சாதி மாராயி அக்காவின் ஆட்டாங்கல்லில் மாவு ஆட்டினேன். இரண்டு நாளாகியும் புளிக்கவில்லை. இந்தக் குளிரில் அது எப்படிப் புளிக்கும்? அப்படியே ஊற்றி அவித்தேன். கல்லாக வந்ததைச் சென்றாயன் மாட்டுக்கு வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

2 ஜூலை

குண்டாவில் புளிக்குழம்பு. நன்றாகவே இருந்தது.

3 ஜூலை

வாந்தி. பள்ளிக்கூடம் இல்லை.

5 ஜூலை

குண்டாவின் அடியில் பச்சையாகக் களிம்பு. ஈயம் பூசாத பித்தளை. ஊரில் எங்கள் வீட்டில் அம்மா ஈயம் பூசுகிறவனைத் தெருவில் கண்டதும் ஓடிப்போய் நிறுத்துவாள். இதற்குத்தானா!

படுத்துக்கொண்டே யோசித்தேன். கடையில் என்ன பளபளக்கிறது என்று பார்த்தேனே தவிர, இங்கே தினமும் என்ன சாப்பிடப் போகிறோம் என்று பார்க்கவில்லை. களி, சாமைச் சோறு, கீரை, மொச்சைக் குழம்பு. இதற்கு என்ன வேண்டுமோ அது போதும்.

17 ஜூலை

மண்சட்டிகள் வாங்கினேன். ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, கணீரென்றதை மட்டும் எடுத்தேன். சோற்றுக்குப் பெரியது, குழம்புக்கு வாயகன்றது. களிக்குத் தடித்த பானை. ஓர் இரும்புத் தோசைக்கல். அருவாமனையைக் கடையிலேயே ஒரு புடலங்காய் வாங்கி அரிந்து பார்த்தேன். கடைக்காரர் முகம் சுளித்தார். வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்தேன். ஒரு சட்டி வழியில் போயிற்று. உடைந்தது குழம்புச் சட்டி இல்லை, நல்லவேளை.

14 ஆகஸ்ட்

களி கிண்டும் துடுப்பை நானே செதுக்கினேன். அம்மிக்கு ஓடையிலிருந்து கல் புரட்டிவந்தோம், சென்றாயனும் நானும். புகை போக அடுப்புக்கு மேலே ஓட்டை போட்டாயிற்று. கை எட்டும் இடத்தில் எல்லாம் இருக்கிறது. ஆடி முடிந்ததும் கூட்டிவரச் சொல்லியனுப்பினேன்.

21 ஆகஸ்ட்

வந்தார்கள். மச்சான் அடுப்பங்கரையைப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க மாப்ள" என்றார். அம்சவேணி துடுப்பைத் தூக்கிப் பார்த்தாள். சட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறிக்கொண்டே வந்தது. பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இத வெச்சுக் குடுத்தது எவ?"

"நாந்தான்."

"ஆம்பளைக்கு இத்தன தெரியாதுங்க."

அந்த நேரம் பார்த்து மாராயி அக்கா வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே, முறம் வேணுமுங்களா?" என்றார். அம்சவேணி அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அண்ணா, காலையில நானும் வாரேன். கீழ போயரலாம்."

இரவு அவள் மூட்டையைப் பிரிக்கவே இல்லை. என்ன சொல்லி நம்பவைப்பது? அவளோடு நான் மொத்தமாகப் பேசியதே ஒரு பத்துப் பேச்சு இருக்காது.

22 ஆகஸ்ட்

விடிந்ததும் களி கிண்ட உட்கார்ந்தேன். சொல்லித்தான் நம்பவில்லை, செய்வதையாவது பார்க்கட்டும். அண்ணனும் தங்கையும் மூட்டையோடு எதிரில். பானையைச் சாக்கால் சுற்றிப் பாதங்களுக்கு நடுவே இடுக்கி, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு வாங்கக் கிண்டினேன். வட்டிலில் போட்டேன். அம்சவேணி ஓர் உருண்டையைப் பிட்டாள். உள்ளே வேகாத மாவு. அடுத்ததிலும் மாவு.

அதை அண்ணனிடம் நீட்டிக் காட்டினாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"அண்ணா, எவளாச்சும் இருந்திருந்தா இப்பிடியா கிண்டியிருப்பாரு?"

மச்சான் ஒரு வாய் தின்று பார்த்து, "எவளும் இருந்திருக்க மாட்டாதான்" என்றார்.

அவர் மட்டும் இறங்கிப் போனார்.

4 செப்டம்பர்

அடுப்பங்கரையைத் தலைகீழாக மாற்றிவிட்டாள். அம்மி வாசல் பக்கம் போய்விட்டது. உப்புச் சட்டியைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"நீங்க எதுக்குங்க அதத் தேடறீங்க?"

வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறேன். மொச்சைக் குழம்பு கொதிக்கிற வாசனை.