பானுமதி மிஸ் மேல் ஒரு பிராது

விருத்தாசலம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மகள் இளமதி எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அங்கே வெயில் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பக்கிரி மாமா விடுமுறை முடிந்து நாளை மஸ்கட்டுக்குத் திரும்புகிறார். அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்ல முடியாத விஷயம் இது, ஏனென்றால் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருக்கிறார். இப்போது கடைக்குப் போயிருக்கிறார். வாசலைப் பார்த்துப் பார்த்து எழுதுவதால் கையெழுத்து ஓடுகிறது, மன்னியுங்கள்.

முதலில் நல்ல செய்தி. காலாண்டுத் தேர்வில் தமிழில் நான்தான் வகுப்பிலேயே முதல். சமூக அறிவியலிலும் நல்ல மதிப்பெண். கணக்கில் என்ன என்று கேட்பீர்கள். கணக்கில் ஃபெயில். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

பரீட்சை லீவில் அம்மாவுக்கு உதவியாகச் செராமிக் கம்பெனிக்குப் போனேன். கொலு பொம்மை கடைசி ஆர்டர் போய்க்கொண்டிருந்தது. தசாவதார செட்டைப் பெட்டியில் அடுக்கும் வேலை எனக்கு. அதில் நான் எதையும் எண்ணவில்லை அப்பா. முதலில் மீன், பிறகு மலையைத் தாங்க ஆமை, பூமியைத் தூக்கப் பன்றி என்று கதையைச் சொல்லிக்கொண்டே வைத்தேன். ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. முதலாளி கலியமூர்த்தியே, “பரவால்லியே, பாப்பா கையி சுத்தமா இருக்குது” என்றார்.

மறுநாள் கார்த்திகைக்கான அகல் விளக்குகள். பெட்டிக்கு ஒரு டஜன். விளக்குகளுக்குக் கதை கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே முகம். பாதியைத் தாண்டியதும் வாய் ஒன்று சொல்கிறது, கை ஒன்று செய்கிறது. வேப்பூர் கடைக்காரர் பெட்டிகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிலவற்றில் கூடுதல், சிலவற்றில் குறைவு. முதலாளி எல்லாருக்கும் எதிரில் அம்மாவைப் பார்த்து, “ஏம்மா, உம் பொண்ணு பத்தாவது படிக்குதா, பால்வாடிக்குப் போவுதா?” என்று கேட்டார். அம்மாவோடு வேலை செய்யும் வீராயி அத்தை விடவில்லை. “நீங்க மட்டும் போன வாரம் என் சம்பளத்த வேற யாருக்கோ குடுக்கல?” என்றதும் எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. 

பள்ளி திறந்ததும் எங்கள் கணக்கு ஆசிரியை பானுமதி மிஸ் என்னைத் தனியாக உட்கார வைத்து ஏதேதோ கேட்டார். மணி பார்க்கத் தெரியுமா, கடையில் மீதிச் சில்லறை சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வாய் என்றெல்லாம். உண்மையைச் சொன்னேன். முள் வைத்த கடிகாரம் எனக்குப் படம் மாதிரித்தான் தெரியும். மீதியை வாங்கிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொள்வேன். உங்கள் போன் எண்ணை ராகம் போட்டுத்தான் நினைவில் வைத்திருக்கிறேன், ராகம் தப்பினால் எண்ணும் தப்பிவிடும். மிஸ் திட்டவில்லை. இதற்கு டிஸ்கால்குலியா என்று பெயராம். சோம்பலும் இல்லையாம், மந்தமும் இல்லையாம். சிலருக்குப் பிறவியிலேயே எண்கள் இப்படி நழுவுமாம். கடலூர் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் கால்குலேட்டரும் கேட்கலாம் என்றார். அன்று வகுப்பு முடிந்ததும் நூலகத்துக்கு ஓடி, அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடினேன். என்னைப் போல வேறு யாரோ இருப்பதால்தானே அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

மிஸ் நம் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் இதை விளக்கினார். அம்மா காதில் விழுந்தது ஆஸ்பத்திரி, மூளை, சர்ட்டிபிகேட் மட்டும்தான். “எம் பொண்ணு பைத்தியம்னு சீலு குத்த வந்தீங்களா டீச்சர்?” என்று கேட்டுவிட்டார். மிஸ் டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

அதற்கு அடுத்த நாள்தான் அம்மா என்னை மணவாளநல்லூருக்கு அழைத்துக்கொண்டு போனார். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டிவிட்டார் அப்பா. என் மகளுக்குக் கணக்கு வராதபடி கட்டி வைத்திருக்கும் பானுமதி டீச்சரை சாமி விசாரிக்க வேண்டும் என்று ஒருவரிடம் சொல்லி எழுத வைத்து, சுருட்டி, வேலில் கட்டியாகிவிட்டது. வீடு இருக்கும் தூரத்துக்குத் தகுந்தபடி பணம் கட்ட வேண்டுமே, எவ்வளவு தூரம் என்று அங்கிருந்தவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவரே ஏதோ ஒரு தூரத்தைப் போட்டுக்கொண்டார்.

சாமி விசாரித்து முடிக்க மூன்று மாதம்கூட ஆகலாம் என்கிறார்கள். பள்ளியிலிருந்து பரிசோதனைக்குப் பெயர் அனுப்புவதோ இந்த மாதக் கடைசிக்குள். அதற்கு அம்மா கையெழுத்து வேண்டும். கேட்டால், “கேசு சாமிகிட்ட இருக்குது. தீர்ப்பு வராம அந்தம்மா நீட்டுறதுல கையெழுத்துப் போட மாட்டேன்” என்கிறார்.

எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. புத்தகத்தை எடுத்தால் அதே பக்கத்திலேயே இருக்கிறேன். சாமி தவறான ஆளைத் தண்டித்துவிட்டால் என்ன செய்வது? புதன்கிழமை பாலத்துக்குப் பக்கத்தில் மிஸ்ஸின் ஸ்கூட்டி சறுக்கிவிட்டது. முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து பாடம் நடத்தினார். செய்தி கேட்டதும் அம்மா “பாத்தியா?” என்றார். ஆனால் சொன்னபிறகு சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் வீராயி அத்தையிடம், பிராதை வாபஸ் வாங்க என்ன செய்ய வேண்டும் என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. “கட்டுன நீயே போயி சொன்னா ஆச்சு. சாமி என்ன, உன்னப் புடிச்சி உள்ள வச்சிக்குமா?” என்றார் அத்தை. அதற்கு அம்மா, “சாமிகிட்ட சொல்லிடலாம். மஸ்கட்ல இருக்குற அவுருகிட்ட என்னன்னு சொல்லுவேன்? பொண்ணுக்கும் வரலன்னா என்னத்தான கேப்பாரு” என்றார்.

அதைக் கேட்ட பிறகு அம்மாவைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். கம்பெனியில் மற்றவர்கள் விளக்குகளை மும்மூன்றாக அள்ளி எண்ணிப் போடுகிறார்கள். அம்மா மட்டும் குழி வைத்த ஒரு பலகையில் அடுக்கிவிட்டுப் பெட்டியில் கவிழ்க்கிறார். ஏன் என்று கேட்டேன். “குழி ரொம்புனா டஜன். இதுல எண்ணுறதுக்கு என்னா இருக்குது?” என்று எரிந்து விழுந்தார். கடையில் பணத்தை விரித்து நீட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் மேற்கொண்டு கேட்கவில்லை.

அப்பா, நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் அனுப்பிய பணத்தில் எவ்வளவு செலவு, எவ்வளவு மீதி என்று கேட்கிறீர்கள். அம்மா உடனே சிக்னல் இல்லை என்று சொல்லிவிடுகிறார். இங்கே சிக்னல் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

பரிசோதனை அறைக்குள் அம்மாவும் என்னோடு வரலாமா என்று மிஸ்ஸிடம் கேட்டுவிட்டேன். தாராளமாக வரலாமாம். அந்தக் கட்டுப் போட்ட கையை ஆட்டித்தான் சொன்னார்.

அடுத்த முறை பேசும்போது கணக்குக் கேட்காதீர்கள். அம்மா சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கோயிலுக்குப் போய் வாபஸ் சொல்லிவிட்டு, கடலூருக்கு என்னோடு போய்வரச் சொல்லுங்கள். உங்களுக்குக் கோபம் இல்லை என்றும் சொல்லுங்கள். அதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள் அப்பா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதும்.

உங்கள் ஆசியை வேண்டும்,
இளமதி