மெட்டி இல்லாத விரல்

மேகலா அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். வாணியம்பாடியில் உங்கள் புது வீட்டில் அந்தப் பெண்ணும் கைக்குழந்தையும் சுகம்தானே.

என் வலது கால் கட்டைவிரல் எலும்பு புடைத்திருந்தது ஞாபகம் இருக்கலாம். இப்போது அந்த விரல் சாய்ந்து மெட்டி விரல் மேலேயே ஏறிவிட்டது. அகலச் செருப்பும் போட்டுப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்றுதானே வேலை. ஆபரேஷன் செய்தால் நேராகிவிடும், ஆனால் மெட்டியைக் கழற்ற வேண்டும் என்றார் வேலூர் டாக்டர். "வூட்டுக்காரரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தேன்.

போன வாரம் வீக்கத்தில் மெட்டி சதைக்குள் புதைந்துவிட்டது. கூட வேலை செய்யும் முனவ்வர்தான் கம்பெனிக் குறடு ஒன்றை எடுத்து வந்தாள்.

"நான் வெட்டலாமாக்கா? உங்க ஜனங்க தப்பா நெனைக்க மாட்டாங்களா?"

வெட்டச் சொன்னேன். வலிக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. இடது காலில் மட்டும் எதற்கு என்று அதையும் கழற்றிவிட்டேன்.

இன்று ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். நாளைக்கு ஆபரேஷன். துணைக்கு முனவ்வர் இருக்கிறாள்.

என் காலைத் துடைத்த நர்ஸ் விரல்களைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அவரு எப்போம்மா தவறிப்போனாரு?"

நீங்கள் பெட்டியோடு கிளம்பிப்போன தேதியைச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஆம்பூரில் இருப்பவள்