ஸ்டெல்லா அக்காவின் முட்டிக்காக

அக்டோபர், ஞாயிறு இரவு

இன்று எங்கள் பருத்திப்பட்டு வீட்டில் ஜெபமாலை. என் ஓரகத்தி ஸ்டெல்லா அக்கா போன வாரம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டியில் அடிபட்டுக்கொண்டாள். எல்லோரும் தரையில் முழங்காலிடும் நேரத்தில் அத்தை அவளுக்கு மட்டும் சேரை இழுத்துப் போட்டார். "நீ முட்டி போடாதம்மா, இதுல உக்காரு. எப்டி வீங்கிக்கீது பாரு!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் முட்டிகளும் வீங்கித்தான் இருக்கின்றன, இரண்டுமே. குடலில் இருக்கும் அழற்சிதான் மூட்டுக்கும் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வலி என்று சொன்னால் எதனால் என்று அத்தை கேட்பார். வெளிக்குப் போகும்போது ரத்தம் போவதை எந்த வாயால் சொல்வது? கணவருக்கு மட்டும்தான் தெரியும். அவரோ கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் கடைசிவரை முழங்காலிலேயே இருந்தேன்.

முடிவில் அத்தை, "ஸ்டெல்லாவோட முட்டி சீக்கிரம் கொணமாவணும்னு வேண்டிக்குவோம்" என்றார். "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் சொன்னேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். ஸ்டெல்லா அக்கா சேரில் சாய்ந்தபடி, "உனுக்கு இன்னாடி, சின்னப் பொண்ணு, நல்லா முட்டி போடுற. எனுக்குத்தான் குடுத்து வெக்கல" என்றாள். சிரித்துவைத்தேன்.

மன்றாட்டு கேட்கப்படும், அதுதான் எரிகிறது. விழுந்து அடிபட்ட முட்டி, தானாகவே ஆறிவிடும். அடுத்த ஜெபமாலைக்கு அந்தச் சேர் காலியாகக் கிடக்கும். நான் அதன் பக்கத்திலேயே முட்டி போட்டிருப்பேன்.