பைக் திரும்பிப் போனது

புதன்கிழமை, இரவு.

கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த பைக்கை இன்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன வாரம் எனக்கும் கவிதாவுக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. வண்டி மட்டும்தான் என்னிடம் நின்றிருந்தது. இஞ்சினில் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. அப்படியே அனுப்ப மனம் வரவில்லை.

காலையில் சங்ககிரிக்குப் போய் கிளட்ச் மூடிக்கு அடியில் ஆயில் கசியாமல் வைக்கிற பேக்கிங் கேட்டேன். "கம்பெனி பேக்கிங்குங்களா, லோக்கலுங்களா? கம்பெனின்னா வருசக்கணக்கா வருமுங்க" என்றார் கடைக்காரர். கம்பெனி பேக்கிங்கையே வாங்கினேன். ஆயிலை வடித்து, மூடியைக் கழற்றி, ஒட்டிக் கிடந்த பழையதை பிளேடால் கீறல் விழாமல் சுரண்டி எடுக்கவே மதியமாகிவிட்டது. புதியதைப் பொருத்தி, ஆயில் ஊற்றி, வெகுநேரம் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

வண்டியை எடுத்துப்போக கவிதாவே வருவாள் என்று ஏனோ நினைத்திருந்தேன். குளித்து, நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டேன்.

மாமனார் ஊரான இளம்பிள்ளையிலிருந்து அவள் தம்பிதான் வந்தான்.

"கசிவு நின்னுருச்சு மாப்ள. அக்காகிட்டச் சொல்லு, தைரியமா ஓட்டலாம்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா இத ஊட்டுக்கே கொண்டார வேண்டாம்னு சொல்லிருச்சுங்க. நேரா விக்கத்தான் கொண்டுபோறனுங்க."

சாவியைக் கொடுத்தேன்.

"வாரேனுங்க" என்றான். இத்தனை வருடமாக மாமா, மாமா என்று என் பின்னாலேயே சுற்றியவன். இன்று அந்த வார்த்தை அவன் வாயில் வரவில்லை.

நானும், "சரிங்க" என்றேன்.