மிளகில் கிடந்த சிவப்புக் குண்டு

இந்த வருஷத்து மிளகில் உன் குண்டு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, மாப்ள.

உன் மனைவி அம்மிணி வழக்கம்போல மலைமேல் சோளக்காடு ஸ்டாப்பில் பஸ் ஏற்றிக் கொடுத்துவிட்ட மிளகு. நீ போன பிறகும் அவள் அதை நிறுத்தவில்லை. கொஞ்சம் ஈரமாக இருக்கிறதே என்று மொட்டைமாடியில் சாக்கை விரித்துக் கொட்டினேன். கறுப்புக்கு நடுவே ஒரு சிவப்பு. பழுத்த மிளகு ஒன்று காயாமல் வந்துவிட்டது என்று நினைத்து எடுத்தேன். கை கனத்தது. முனை தட்டையாக, மேலெல்லாம் வழவழவென்று சிவப்புப் பூச்சு. நம் பாயிண்ட் முப்பத்திரண்டு ரிவால்வருக்கு நீ வார்த்த குண்டு. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்தும் சாமான்களை ஒழுங்காக எடுத்துவைக்கத் தெரியவில்லையே உனக்கு!

அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. இந்தக் குண்டு மிளகுக்குள் எப்படி வந்தது? உடனே அம்மிணிக்குப் போன் போட்டேன்.

"மிளகை எங்க காயப்போட்டே அம்மிணி?"

"கொட்டாய்க்குப் பொறத்தாலதாங்ண்ணா. அங்கதான் வெயில் நல்லா உழுகுது. ஏனுங்க, பூசணம் கீது புடிச்சிருச்சுங்களா?"

"அதெல்லாம் இல்ல. உடம்பு எப்படி இருக்குது?"

"உடம்புக்கு என்னங்க. வவுறுதான் அப்பப்ப இழுத்துப் புடிக்குது. சோறு எறங்கறதில்ல. அவரு போனதுல இருந்தே இப்படித்தானுங்க."

துக்கத்தில் வந்த வயிற்றுவலி என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீயும் முதலில் இதையேதானே சொன்னாய்? வயிறு இழுத்துப் பிடிக்கிறது, சோறு இறங்கவில்லை என்று. மறுநாள் முதல் பஸ்ஸில் மலையேறிவிட்டேன். கொட்டிய மிளகை அள்ளிக் குழியில் போட்டு மூடிவிட்டுத்தான் வந்தேன். பாவம், எவ்வளவு பாடுபட்டுப் பறித்திருப்பாள்.

அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி பஸ் வளைய ஆரம்பித்ததும் உன் நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ இதே பாதையில் இறங்கி வருவாய், என்னையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கி கிளப்புக்குப் போவாய். நீ பட்டாளத்தில் சுட்டுப் பழகியவன். நான் பாக்குத்தோப்புக்காரன், ஆசைக்குச் சுட வந்தவன். "கீழ்நாட்டுக்காரனுக்குக் குறி எங்க வரும், பாக்கு வெட்டத்தான் வரும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாய். சுட்டு முடித்ததும் காலிப் பித்தளைக் கூடுகளை இருவரும் குனிந்து பொறுக்குவோம். அனுமதி வாங்கியிருந்ததால், அவற்றில் மறுபடி மருந்து நிரப்பிப் புதுக் குண்டு வைத்துப் பயன்படுத்துவோம். அங்கேதான் நம் சண்டை ஆரம்பித்தது.

வெறும் ஈயக்குண்டு நம் இருவருக்குமே சலித்துப் போயிருந்தது. சுடச்சுட குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும், குறி விலகும், அதைச் சுரண்டி எடுக்கவே அந்தி சாய்ந்துவிடும். மேலே ஏதாவது போர்த்திய குண்டுக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்பதில் நமக்குள் பேச்சில்லை. எதைப் போர்த்துவது என்பதில்தான் வழக்கு. நான் செம்பு முலாம் பூசிய குண்டு என்றேன். பார்வைக்கு லட்சணம், கையில் கறை ஒட்டாது, கடையிலிருந்து அப்படியே வரும். நீ வண்ணப்பூச்சுக் குண்டுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாய். ஈயத்தை நீயே வார்த்து, பூச்சுப்பொடியில் புரட்டி, பழைய ஓவனில் வைத்துச் சுட்டெடுப்பாய்.

"என்னடா இது, பொம்பளப் புள்ளைக்கு நெயில் பாலிஷ் போட்ட மாதிரி" என்றேன் முதல் தடவை பார்த்தபோது.

நீ ஒரு குண்டைப் பட்டறைக் கல்லில் வைத்து, சுத்தியலால் ஓங்கி நசுக்கினாய். குண்டு அப்பளமாகிவிட்டது. பூச்சு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, "அடிச்சாலும் உரியாது மாப்ள. உன்ற செம்ப இப்படி அடிச்சுப் பாரு" என்றாய். நான் அடித்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தும் போனது. குண்டைச் செருகிய பிறகு பித்தளைக் கூட்டின் வாயை நான் அளவுக்கு மேல் இறுக்கியிருந்தேன், முலாம் கிழிந்து உள்ளிருந்த ஈயம் வெளியே வந்துவிட்டது. அன்று என் குண்டுகள் இலக்கு அட்டையில் ஆளுக்கொரு திசையில் போயின. உன்னுடையவை நடுவில் ஒரே ஓட்டையாகப் பாய்ந்திருந்தன. வீடு வரும்வரை பஸ்ஸில் என்னைக் கிண்டல் செய்தே கொன்றாய்.

பூச்சு நல்ல பூச்சுதான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. மெதுவாகப் போகும் குண்டுக்கு அதுவே போதும், குழலும் சுத்தமாக இருக்கும், சுடுகிறவனுக்கும் ஈயப்புகை குறையும். ஆனால் அந்தப் பூச்சு குண்டின் மேல் ஏறுவதற்கு முன்னால் நீ என்ன செய்தாய்? நாமக்கல் டயர்க் கடைகளில் லாரிச் சக்கரம் ஆடாமலிருக்க மாட்டி, பிறகு கழற்றிப் போட்ட ஈயத்துண்டுகளை மூட்டையாகக் கட்டி வந்து உருக்கினாய். திறந்த வெளியில் உருக்கியிருந்தால் பரவாயில்லை. மழைக்காலத்தில் சாரலும் பனியும் அடுப்பை அணைக்கிறதென்று கொட்டகைக்குள் போய், படல் கதவையும் சாத்திக்கொண்டாய். உருகிய ஈயத்தின் மேல் மிதந்த அழுக்கை வழித்தெடுத்த கையோடு பீடி பற்றவைப்பாய், அம்மிணி கொண்டுவந்த பொரியை அள்ளித் தின்பாய். "கையக் கழுவுடா மலைக்காரா" என்று எத்தனை தரம் கத்தியிருப்பேன்! "ஈயம் பூசுன பாத்தரத்துலதான எங்கப்பன் ஆத்தா எல்லாம் தின்னாங்க, செத்தா போயிட்டாங்க?" என்பாய். அது வேறு ஈயம், வெள்ளீயம், இது காரீயம் என்று சொன்னாலும் உன் காதில் ஏறாது. ஏறியிருந்தால் இந்த மடலை எழுத வேண்டியிருக்காதே.

பிறகு உன் கை தொங்கியது. மணிக்கட்டு தூக்கவில்லை என்று போட்டியிலிருந்து பாதியில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். பட்டாளத்தில் வாங்கிய பழைய அடி என்றாய். கீழே ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டாராம், பேட்டரி வேலையா, பெயின்ட் வேலையா என்று. நீ "விவசாயமுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாய். அம்மிணி பிறகு இதைச் சொன்னபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடுத்த முறை நானே கூட வந்து, இந்த ஆள் ஈயம் உருக்குகிறவர் என்று சொன்ன பிறகுதான் ரத்தத்தில் ஈயத்தைத் தேடினார்கள். தேடியபோது நிறையவே கிடைத்தது. சிறுநீரகம் அதற்குள் போய்விட்டிருந்தது. கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, போர்வைக்கு வெளியே கிடந்த அந்த வலது கையை நான்தான் எடுத்து உள்ளே வைத்தேன். நீ கண்ணைத் திறந்து, "செம்புதான் செயிச்சுது போ" என்றாய். விளையாட்டுக்குத்தான் சொன்னாய். இன்று வரை என்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சோளக்காட்டில் இறங்கி, பலாப்பழக் கடைகளைத் தாண்டி, வேறு பஸ் பிடித்து உங்கள் மலைச்சீமையான திண்ணனூர் நாட்டுக்குள் போய், அப்புறம் உன் ஒற்றையடிப் பாதை. அம்மிணி இளைத்துப் போயிருந்தாள். "வாங்ண்ணா, ஒரு போன் பண்ணிருந்தா கோழி அடிச்சிருப்பேன்" என்றாள். உள்ளே அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். இரும்பு வடச்சட்டி. ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் கம்பி சுற்றியிருந்தது. அந்தக் கம்பியை நீ சுற்றும்போது குறடு எடுத்துக் கொடுத்தவனே நான்தான். அதில்தான் நீ ஈயம் உருக்கினாய்.

விரலால் சட்டியைக் காட்டினேன்.

"இந்தச் சட்டி ஏது அம்மிணி?"

"நம்முளுதுதானுங்க. எங்கம்மா சீரோட குடுத்து உட்டது. அவருதான் கொட்டாய்க்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அவரு போனப்பறம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய் தேய்னு தேச்சு எடுத்துட்டேனுங்க. நல்ல இரும்பு. எறிய மனசு வருமுங்களா?"

"அதுல வேற என்ன செய்வே?"

"எல்லாந்தானுங்க. குழம்பு, பொரியல், எல்லாம்."

நான் முதலில் அடுப்பை அணைத்தேன். அவளை உட்காரவைத்துச் சொன்னேன். உன்னைக் கொண்டுபோனது சுட்டபோது வந்த புகை என்றுதான் அவள் நம்பியிருந்தாள். துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்ததோடு எல்லாம் தீர்ந்தது என்று நினைத்திருந்தாள். "சட்டி என்னங்ண்ணா பண்ணுச்சு?" என்று கேட்டாள். உருக்கின ஈயம் சட்டியில் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் முழுக்கப் போகாது, புளி அதைக் குழம்பில் இறக்கிவிடும் என்றேன். கொட்டகை மண்ணிலும் கிடக்கிறது, மிளகிலும் வருகிறது என்றேன். அவள் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அவருக்கு வந்ததே எனக்கும் வந்துருச்சாக்கும்" என்றாள். சிரித்த மாதிரி இருந்தது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை, மாப்ள.

குழம்பைக் கொட்டினோம். சட்டியைச் சாக்கில் கட்டினேன். நீ குண்டுகளை ஆறப்போட்ட முறம், தார்ப்பாய், வார்ப்பு அச்சு, ஓவன், மிச்சமிருந்த ஈயக்கட்டிகள், உன் வேலைச் சட்டை உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். கொட்டகைப் பக்கமே போகக் கூடாது, அங்கே எதையும் காயவைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மூட்டையைத் தூக்கும்போதுதான் வாசலை மறித்தாள்.

"எல்லாத்தையும் வாரிக் கட்டிட்டீங்களே. அவரு செஞ்சதுன்னு ஒண்ணாச்சும் உட்டுட்டுப் போங்கண்ணா."

என்ன கொடுப்பேன்? நீ செய்தவை எல்லாமே அந்த மூட்டைக்குள் போக வேண்டியவைதானே. சட்டைப்பையில் கையை விட்டேன். மிளகில் கிடைத்த அந்தச் சிவப்புக் குண்டு இருந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். எங்காவது கீறல் இருக்கிறதா, அடியில் பூச்சு விட்டிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டியும் பார்த்தேன். ஒரு பொட்டுக்கூட உரியவில்லை. நான் நெயில் பாலிஷ் என்று கேலி செய்த அதே பூச்சு. நீ செய்த சாமான்களில் அவள் பக்கத்தில் வைத்துக்கொள்ளக்கூடியதாக அது ஒன்றுதான் மிஞ்சியது. சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கித் திருகி அவளிடம் கொடுத்தேன். திறக்காதே அம்மிணி என்றேன். சரிங்ண்ணா என்று வாங்கி, உன் படத்துக்குக் கீழே வைத்தாள்.

மறுவாரம் அவளைக் கீழே அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். டாக்டர் தொழிலைக் கேட்பதற்கு முன்பே நான் ஈயம் என்று சொல்லிவிட்டேன். முடிவு வந்துவிட்டது. இருக்கிறது, மாப்ள. உன் அளவுக்கு இல்லை. மருந்து கொடுத்திருக்கிறார்கள், இறங்க நாளாகும் என்கிறார்கள், எலும்பில் ஏறியது முழுக்க இறங்குமா என்று கேட்டால் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். நான் இப்போது போட்டிக்குப் போவதில்லை. செம்பா, பூச்சா என்று நாம் வருஷக்கணக்காக அடித்துக்கொண்டதெல்லாம் குண்டுக்கு எதைப் போர்த்துவது என்றுதான். உன் கையில் ஒரு உறை மாட்ட நமக்குத் தோன்றவில்லையே.

மற்றதையெல்லாம் கழிவு எடுக்கிறவர்களிடம் சொல்லி முறையாக ஒப்படைத்துவிட்டேன். இந்தச் சட்டி மட்டும் என் பம்புசெட் ரூமில் கிடந்தது. அம்மிணியின் தாய்வீட்டுச் சட்டியாயிற்றே என்று கொடுக்க மனம் வரவில்லை. பழைய இரும்புக்காரன் ஒருநாள் எட்டிப் பார்த்து, "நல்ல சட்டிங்க, அப்படியே வெச்சு சமைக்கலாமுங்க" என்றான். அன்றைக்கே அம்மிணிக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஓட்டை போட்டுருங்ண்ணா" என்றாள். "நான் எங்கம்மாகிட்டச் சொல்லிக்கறேன்."

அவள் அம்மா செத்து எவ்வளவோ காலமாயிற்று.

இன்று காலை வாயில் துணி கட்டி, கையில் உறை மாட்டி, சட்டியைக் கவிழ்த்து வைத்து, அடியில் உளியை வைத்து அடித்தேன். பழங்காலத்து இரும்பு, லேசில் விடவில்லை. கடைசியில் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இனி அதில் யாரும் சமைக்க முடியாது, மாப்ள.