சோற்றுப் பருக்கையால் ஒட்டிய பக்கங்கள்

பூங்கொடி அப்பாவுக்கு,

களியும் கீரைக் கடைசலும் அடுப்பு மேடையில் மூடி வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் சாப்பிடாமல் கிடக்காதீர்கள். நான் காரிமங்கலத்துக்கு, என் தம்பியைப் பார்க்கப் போகிறேன்.

பூங்கொடியின் லைப்ரரி புத்தகத்தில் நீங்கள் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய பக்கங்களை இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்துவிட்டேன். முதலில் நான்தான் படித்தேன். மந்திரவாதி ஒரு சிறுமியைக் குகையில் அடைத்துத் தாலி கட்ட வருகிறான். அவன் கத்தியைப் பிடுங்கி அவனையே குத்துகிறாள். ஒரே ரத்தம். இருந்தாலும் புத்தகத்தை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

“ஒம்பதாவது படிக்கிற புள்ளைக்கு இந்தக் கருமமெல்லாம் படிக்கிற வயசா?” என்று நேற்று கத்தினீர்கள். கத்திய கையோடு, வெள்ளிக்கிழமை பரிசம் போட வரச் சொல்லி என் தம்பிக்கு ஆள் அனுப்பினீர்கள். தாய்மாமன் உரிமையாம். கதையில் படிக்கவே ஆகாத வயசு, கட்டிக்கொடுக்க மட்டும் ஆகுமா?

கூடப் பிறந்தவனாக இருந்தால் என்ன? “வராதடா” என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லப் போகிறேன்.

காசியம்மாள்

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ரோஷன் பீ அக்காவிடம் கொடுங்கள். பூங்கொடி பள்ளிக்கூடம் விட்டு வருவாள்.

இன்னொன்று. மறுபடி ஒட்டினால் மறுபடி பிரிப்பேன். அந்தப் பெண் குகையைவிட்டு வெளியே வருகிற பக்கத்தை அவள் இன்னும் படிக்கவில்லை.