மும்பையிலிருந்து இரண்டு மணி நேரம்

ஜூலை 8, செவ்வாய்

காற்று பலம். இன்றும் லீவு. காங்கேயம்–கோவை பஸ்ஸில் எனக்குப் பதில் வேறு கண்டக்டர்.

கவிதாவுக்கு ஒன்பதாம் மாதம். நச்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதால் உதிரம் நிற்கவில்லை. வியாழன் காலை ஆபரேஷன் என்கிறார் டாக்டரம்மா. ஆனால் ரத்தம் கையில் இல்லாமல் தொட மாட்டாராம். இவளுக்கு ‘பாம்பே’ என்ற அபூர்வ ரத்த குரூப். கல்யாணமாகி ஆறு வருடம், எனக்கே இப்போதுதான் தெரியும். அதே குரூப் தவிர வேறு எதுவும் சேராது.

ரத்த வங்கி தங்கமணியக்கா காலையிலிருந்து போனும் கையுமாக. அந்த குரூப்பில் ரத்தம் கொடுப்பவர்கள் பட்டியலில் பெங்களூர்க்காரருக்குக் காய்ச்சல். கொச்சிக்காரர் போன மாதம்தான் கொடுத்தாராம். மதியம் மும்பையில் ஒருவர் கிடைத்தார். பிரகாஷ், லிஃப்ட் மெக்கானிக். அங்கே எடுத்து அனுப்ப எழுத்து வேலையே ஒரு நாள் ஆகும் என்றதும், தானே வந்துவிடுவதாகச் சொன்னாராம்.

போனில் பார்த்தேன். வான்வழி சுமார் ஆயிரம் கி.மீ. இரண்டு மணி நேரம். காங்கேயத்திலிருந்து பஸ்ஸில் கோவை சிங்காநல்லூர் வர எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

வாங்க: பிளாஸ்க், நைட்டி 2, கொசுவத்தி.

ஜூலை 9, புதன்

பிரகாஷ் வரும் விமானம் 11 மணிக்கு இறங்க வேண்டியது. மும்பையில் மழை. 11 என்பது 12.40 ஆனது. பிறகு நேரமே போடவில்லை.

ஏர்போர்ட் வாசலில் நிற்கும்போது மாமியார் போன். மறுபடி உதிரம். கவிதா என்னிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம். சென்னிமலை முருகனைக் கூப்பிட்டேன். வண்டி லேட்டானால் பயணிகள் என்மேல் எரிந்து விழுவார்கள். இனி ஒருவரிடமும் முகம் சுளிக்க மாட்டேன்.

2.50க்கு இறங்கியது. நீலச் சட்டை, தோளில் சின்னப் பை. எனக்கு இந்தி வராது, அவருக்குத் தமிழ் வராது. கையைப் பிடித்துக்கொண்டே கார் வரை நடந்தேன்.

தங்கமணியக்காதான் இந்தியில் பேசினார். முதல் விமானப் பயணமாம். வழி முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாராம். சாப்பிட வைத்து, சோதித்து, 4.30க்கு ஊசி. பத்து நிமிடத்தில் பை நிறைந்தது. பரிசோதனை முடிய இன்னும் சில மணி நேரம்.

ஜூலை 10, வியாழன்

7.40. பெண். 2.3 கிலோ. அந்தப் பை முழுதும் ஏறியது. அது இல்லையென்றால் என்று கேட்டேன். டாக்டரம்மா தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

பிரகாஷ் 11 மணி விமானத்துக்குக் கிளம்புமுன் கண்ணாடி வழியே குழந்தையைப் பார்த்தார். காலில் விழப் போனேன், விடவில்லை.

“உங்க புண்ணியத்துலதானுங்க ரெண்டு உசிரும்.”

தங்கமணியக்கா இந்தியில் மாற்றிச் சொன்னார். அவர் சிரித்தார். லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டால், உள்ளே யார் என்று கேட்டுக்கொண்டா போவோம் என்றாராம்.

ஜூலை 12, சனி

வெயில். கவிதா எழுந்து உட்கார்ந்து இட்லி மூன்று. குழந்தை பால் குடிக்கிறது. டிப்போவில் எல்லோருக்கும் மிட்டாய் தரவேண்டும்.

அவளுக்கு ஒரே குறை.

“அந்த அண்ணன் மூஞ்சியக்கூட நான் பாக்கலீங்க.”

போனில் படம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தங்கமணியக்காவை வரச்சொன்னாள். அந்தப் பட்டியலில் தன் பெயரும் வேண்டுமாம். குழந்தை பால் மறந்த பிறகுதான் கொடுக்க முடியும் என்றார் அக்கா.

“அது வரைக்கும் பேரு இருக்கட்டுமுங்க. அப்பறம் எந்த ஊருன்னாலும் கூப்புடுங்க, வாரேன்.”

முன்பு செக்கப்புக்கு வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரி லிஃப்டுக்கே பயந்து படியேறியவள். பெயர் சேர்க்கும் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிப்போனாள்.